ஊசி முனை தேடிய நாள்

1. மைக்

"மூணாம் மெஷின் சுல்பிகா! காலைலருந்து இது எத்தினாந் தரம் பாத்ரூம் போறீங்க? சம்பளம் தைக்கிறதுக்கா, நடக்கிறதுக்கா?"

ஒலிபெருக்கியில் இந்தக் குரல் வந்தபோது நான் லைனின் நடுவில் நின்று ஒரு பொக்கெட்டின் மூலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது நான் லைன் சூப்பர்வைசர். எங்கள் கார்மென்ட்ஸ் கல்முனைக்குத் தெற்கே, என் ஊரான சாய்ந்தமருதுக்குப் போகும் வழியில் இருக்கிறது. சிறிய பெக்டரி. தைப்பவர்கள் எல்லோரும் பெண்கள். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் என்னை அக்கா முறையில் நஸீமா ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மைக்கில் கதைத்தவர் புரொடக்ஷன் மெனேஜர் நவ்சாத் சேர். மேல்மாடியில் கண்ணாடி அறை ஒன்றில் இருந்து தளம் முழுவதையும் பார்ப்பார். யாருடைய கை தளர்ந்தாலும் அடுத்த நிமிடம் பெயர் ஒலிபெருக்கியில் வரும். பெயர் சொல்லி ஏசினால்தான் வேலை நடக்கும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. மனிதர் கெட்டவர் அல்ல. திட்டம் போடுவதில், வரும் ஓடர்களை நாள் கணக்குப் பார்த்துப் பிரிப்பதில் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் அந்த மைக்கைக் கையில் எடுத்ததும் வேறொரு ஆளாகிவிடுவார்.

பாத்ரூமில் இருந்து வந்த சுல்பிகா தன் மெஷினுக்குப் போகவில்லை. நேரே படியேறினாள். அழுது மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடி அறைக்குள் போனவள் சேரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கிவிட்டாள்.

"சுல்பிகா கதைக்கிறன்," என்றது ஒலிபெருக்கி. மூச்சு வாங்குவதும் கேட்டது. "நான் புள்ளத்தாச்சி. எண்ட மாப்பிள்ளைக்கி மட்டுந்தான் தெரியும். மாமிக்கிம் இன்னம் சொல்லல்ல. இப்ப ஊருக்கே தெரியும். சந்தோசமா சேர்?"

முதலில் யார் நிறுத்தியது என்று தெரியவில்லை. ஒரு மெஷின் நின்றது. பக்கத்து மெஷின் நின்றது. பிறகு வரிசையாக எல்லாம் நின்று, கூரையில் சுழன்ற காற்றாடிகளின் சத்தம் மட்டும் மிஞ்சியது. அந்தத் தளத்தில் நான் அப்படியொரு அமைதியைக் கேட்டதே இல்லை. எனக்கு வந்தது பயம்தான். ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் பொய்.

2. ஹாஜியார் கேட்டது

பெக்டரியின் முதலாளியை நாங்கள் ஹாஜியார் என்போம். கல்முனை பஸாரில் புடவைக் கடை வைத்து, அதிலிருந்து பெக்டரிக்கு வந்தவர். செய்தி கேட்டதும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்ற முன்னமே நவ்சாத் சேர் கீழே வந்துவிட்டார்.

"இவள இண்டைக்கே நிப்பாட்டணும் ஹாஜியார். இல்லாட்டி நாளைக்கி ஒவ்வொருத்தியும் மைக்கப் புடிப்பாளுகள்."

ஹாஜியார் அதைக் காதில் வாங்காமல் நேரே தளத்துக்குள் வந்து காலியாக இருந்த ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். எங்களைப் போலவே மெஷினுக்கு முன்னால், எங்கள் உயரத்தில்.

"புள்ளைகள், இந்த ஓடர் போகாட்டி என்ன நடக்கும் எண்டு தெரியுந்தானே?"

எல்லோருக்கும் தெரியும். மொத்தமாக வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவருக்குச் சிறுவர் காற்சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தோம். போன ஓடர் நாள் பிந்திச் சுணங்கிப் போனதால், இதுவும் சுணங்கினால் இனி ஓடர் இல்லை என்று பையர் சொல்லியிருந்தார். ஓடர் இல்லாவிட்டால் பெக்டரி இல்லை. பெக்டரி இல்லாவிட்டால் எங்களில் பாதிப் பேருக்கு மிச்சமிருக்கும் வழி, பிள்ளைகளை உம்மாவிடம் விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதுதான். போய் வந்தவர்களும் எங்கள் மெஷின் வரிசையிலேயே இருந்தார்கள். சுல்பிகா அதில் ஒருத்தி.

"அப்ப சொல்லுங்க. என்ன செஞ்சா மெஷின் ஓடும்?"

என் வாய்தான் திறந்தது. "மைக் நிண்டா மெஷின் ஓடும் ஹாஜியார்."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. ஹாஜியார் என்னையும் நவ்சாத் சேரையும் ஒபிசுக்குக் கூப்பிட்டார்.

"நவ்சாத், நீங்க ஷிப்மென்ட் போகுமட்டும் வீட்ட நில்லுங்க. வேலையால நிப்பாட்டல்ல. சம்பளமும் வரும். கொஞ்சம் ஆறட்டும்." என் பக்கம் திரும்பினார். "நஸீமா, அதுவரைக்கிம் தளத்த நீங்க நடத்துங்க."

நான் மெனேஜர் வேலை படித்தவள் இல்லை. ஆனால் லைனில் தைத்து, லைனைப் பார்த்து வளர்ந்தவள். ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"செய்யிறன் ஹாஜியார். ஒரே ஒரு விசயம். நான் எடுக்கிற முடிவு பிழையெண்டா என்னத் தனியக் கூப்பிட்டு ஏசுங்க. புள்ளைகளுக்கு முன்னால மாத்தப்படா."

ஹாஜியார் சிரித்தார். "நீங்க இப்பவே மெனேஜர் போலதான் கதைக்கிறீங்க."

3. நான் பிடித்த வழி

இளம் சூப்பர்வைசர்மார் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: ஏசாமல் எப்படி வேலை வாங்குவது? நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்கிறேன்.

கண்ணாடி அறைக்குப் போகவில்லை. மைக்கின் வயரைக் கழற்றி அலுமாரியில் வைத்தேன். காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்க வைத்து, எவ்வளவு தைத்தாகிவிட்டது, எவ்வளவு மிச்சம் என்று மறைக்காமல் சொன்னேன். அதுவரை அந்த விபரம் மேலே மட்டும்தான் இருந்தது. தைப்பவளுக்குத் தான் எங்கே நிற்கிறாள் என்று தெரியாது.

பிறகு கேட்டேன். "ஆருக்கு எந்த வேல கைக்கி வருகிதில்ல?"

கைகள் உயர்ந்தன. எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. கால் மடிப்புத் தைத்தவள் இடுப்புப் பட்டி தைக்க விரும்பினாள். பட்டி தைத்தவளுக்குத் தோள்வலி. இருவரையும் மாற்றினேன். இருவருக்குமே வேலை ஓடத் தொடங்கியது. சுல்பிகாவை லைனின் கடைசியில், பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் போட்டேன். அவள் யாரிடமும் கேட்காமல் போய் வரலாம். பகல் சாப்பாட்டுக்கு முன்பே மணித்தியாலத்துக்கு இத்தனை என்ற டார்கட்டை எட்டிப்பிடித்தபோது பின் வரிசையில் யாரோ குரவை போட்டார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

எல்லாம் இனிப்பாக இருந்ததென்று நினைக்கவேண்டாம். மைக் இல்லை என்று கண்டதும் இரண்டு பேர் தேத்தண்ணி இடைவேளை முடிந்தும் பின்கதவடியில் போனும் கையுமாக நின்றார்கள். போகிற வழியில் கண்டேன். தளத்தில் வைத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு இருவரையும் இருத்திக் கதைத்தேன்.

"நீங்க நிண்ட நேரத்துக்கு ஒங்கட பண்டில் துணியயும் அடுத்த மெஷின் தங்கச்சி தச்சிருக்கா. அவக்கு குனிஞ்சு தச்சு நாரி நோவு. நாளைக்கிம் இப்பிடியெண்டா நான் ஒங்கள லைன்ல வெக்க ஏலா. விளங்கினா?"

"விளங்கினது ராத்தா."

மறுநாள் அவர்கள்தான் முதலில் வந்தார்கள். ஏசாமல் இருப்பது வேறு, காணாத மாதிரி இருப்பது வேறு. காணாத மாதிரி இருக்கும் பொஸ்ஸை யாரும் மதிக்கமாட்டார்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர்கள்தான் முதலில் வெறுப்பார்கள்.

4. கலைவாணி

ஷிப்மென்டுக்குரிய நாள் வந்தது. காற்சட்டைகள் எல்லாம் தைத்து, அயர்ன் செய்து, பெட்டிகளில் அடுக்கி டேப் ஒட்டியாகிவிட்டது. பின்னேரம் லொறி வந்து ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகவேண்டும். பையரின் தரம் பார்க்கும் கியூசி வந்து பார்த்து ஓகே சொல்லிவிட்டுப் போயிருந்தார். காலையில் நான் வாசல் கேட்டடியில் நின்று, வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஸலாமும் வணக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பெருநாள் காலை போல் இருந்தது.

பாண்டிருப்பில் இருந்து வரும் கலைவாணி என்னைக் கண்டதும் நின்றாள். பின் பொக்கெட் தைப்பவள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ராத்தா, உங்களோட ஒரு கதை கதைக்கணும்."

"சொல்லுங்க மகள்."

"முந்தநாள் எண்ட ஊசி ஒடிஞ்சது. பின் பாதி இருக்கு. முனை கிடைக்கல்ல."

எங்கள் தொழிலில் ஊசிச் சட்டம் என்று ஒன்று உண்டு. ஊசி ஒடிந்தால் மெஷினை நிறுத்தி, எல்லாத் துண்டையும் தேடியெடுத்து ஒட்டிக் காட்டினால்தான் மெக்கானிக் புது ஊசி தருவார். இந்த ஓடரில் அந்தச் சட்டம் இன்னும் முக்கியம். பின் பொக்கெட்டின் மூடிக்கு உலோகப் பட்டன் முன்பே அடித்து வந்துவிடும். அதற்குப் பிறகு மெட்டல் டிடெக்டரில் போட்டால் எல்லாக் காற்சட்டைக்கும் மெஷின் கத்தும். ஒளிந்திருக்கும் ஊசி முனையை அது காட்டித் தராது.

"புது ஊசி எங்கால?" என்று கேட்டேன்.

"பஸார்ல வாங்கி வெச்சிருந்தன். நவ்சாத் சேர் இருக்கக்க ஊசி ஒடிஞ்சா மைக்ல பேர் வரும். அதால நாங்க ரெண்டு மூணு எப்பவும் ஒளிச்சு வெச்சிருக்கிறது. அண்டைக்கிப் பழக்கத்துல கை அதுக்குப் போயிட்டு. ரெண்டு ராவா நித்திரை இல்ல ராத்தா."

எங்கோ ஒரு நாட்டில் ஒரு சின்னப் பிள்ளை அந்தக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காரும். அதுதான் கண்ணுக்குள் வந்தது. அடுத்து, ஒட்டிய பெட்டிகள் எல்லாம் வந்தன. அடுத்து லொறி. என் தொண்டைக்குள் ஒரு கூச்சல் வந்து நின்றது உண்மை. அதை விழுங்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்தேன்.

"நீங்க சொன்னது பெரிய வேல மகள். சொல்லாம விட்டிருந்தாதான் நாம அழிஞ்சிருப்பம். வாங்க, தேடுவம்."

ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன். "ஹாஜியார், கெட்ட செய்தி ஒண்டு."

"சொல்லுங்க."

"ஊசி முனை ஒண்டு காச்சட்ட ஒண்டுக்குள்ள போயிட்டு. பெட்டி எல்லாத்தையும் ஒடைக்கணும்."

"ஆரு செஞ்சது?"

"அத நான் சொல்லமாட்டன்."

இந்த இடத்தில் வேறு முதலாளி என்றால் என்னையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். ஹாஜியார் கேட்டது இதுதான்: "சரி. எத்தின பேர் வேணும்?"

5. தேடல்

பெக்கிங் பகுதியில் மேசைகளை எல்லாம் ஒன்றாக இழுத்துப் போட்டோம். எல்லோரையும் கூப்பிட்டு நான் சொன்னேன்.

"ஒரு பிழை நடந்திரிக்கி. ஆரெண்டு கேக்காதீங்க. எப்பிடித் திருத்திறதெண்டு மட்டும் கேளுங்க."

"நான்தான்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கலைவாணி முன்னால் வந்து நின்றாள். "எண்ட ஊசி. காக்கி நிறத்துல, சின்ன சைஸ் தைக்கக்க நடந்தது. மத்த நிறம் தேடத் தேவையில்ல."

அந்த ஒரு சொல்லால் எங்கள் வேலை பாதியிலும் பாதியாகக் குறைந்தது. ஆனாலும் ஒவ்வொரு பெட்டியிலும் எல்லா நிறமும் எல்லா சைஸும் கலந்துதான் அடுக்கியிருந்தோம். பெட்டி எல்லாவற்றையும் உடைத்தே ஆகவேண்டும்.

பெக்கிங்கில் நின்ற ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். "ராத்தா, ஒரே ஒரு முனைதானே. கியூசியும் ஓகே சொல்லிப் போயிட்டார். ஆருக்குத் தெரியப் போகிது?"

சுல்பிகா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "அது ஒரு புள்ள போடுற காச்சட்ட," என்றாள். கை தன்பாட்டில் வயிற்றில் போய் இருந்தது. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

டேப் கிழியும் சத்தம் தொடங்கியது. மெக்கானிக் காந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். அது பட்டன்களில் போய் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கையால் தடவிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பொக்கெட்டின் மூலை, மடிப்பு, தையல் ஓரம் எல்லாவற்றையும் விரல் நுனியால் நசுக்கி நசுக்கிப் பார்த்தோம். ஹாஜியார் தன் கடைப் பெடியன்களைக் கூட்டிக்கொண்டு வந்து பெட்டி தூக்கினார். தானும் ஒரு மேசையில் இருந்து கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு பொக்கெட் தடவினார்.

கொஞ்ச நேரத்தில் கதவடியில் சலசலப்பு. நிமிர்ந்தேன். சாரனும் ஷேர்ட்டுமாக நவ்சாத் சேர். ஹாஜியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். எல்லோருடைய கையும் நின்றது.

சேர் என் முன்னால் வந்தார். "நஸீமா, நான் எங்க இரிக்க?"

நான் என்ன சொல்வேன் என்று தளமே பார்த்தது. "சுல்பிகாக்கிப் பக்கத்துல இடமிரிக்கி சேர்."

போய் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு அவளிடம் ஏதோ சொன்னார். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொள்ளவும் இல்லை. சுல்பிகா தன் முன்னால் இருந்த குவியலில் பாதியை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

நண்பகல் லுஹர் தொழுகைக்கு இரண்டு பிரிவாகப் பிரிந்து போய் வந்தோம். பார்த்து முடிந்த குவியல் உயர்ந்தது. பார்க்காத குவியல் குறைந்தது. முனை மட்டும் வரவில்லை. கலைவாணியின் உதடு காய்ந்துபோயிருந்தது. யாரோ அவளுக்குப் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். வெளியே லொறி வந்து ஹோர்ன் அடித்தது. மிச்சம் கைப்பிடியளவு காற்சட்டைகள். முனை தரையில் விழுந்து கூட்டுமாற்றால் போயிருந்தால்? அப்படியென்றால் எந்தக் காலமும் நிச்சயமாகத் தெரியாது. இந்தக் காக்கி எல்லாவற்றையும் அனுப்பவே முடியாது.

"ஆவ்!"

நவ்சாத் சேர் கதிரையில் இருந்து துள்ளி எழும்பினார். வலது கை விரலில் ஒரு பொட்டு இரத்தம். இடது கையில் ஒரு காற்சட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"கிடைச்சிட்டு! புள்ளைகள், கிடைச்சிட்டு! யா அல்லாஹ், கிடைச்சிட்டு!"

அந்தத் தளத்தில் அவர் போட்ட சத்தங்களிலேயே பெரியது அதுதான். அன்றைக்கு மட்டும் அது யாருக்கும் கசக்கவில்லை. சுல்பிகா நூல் வெட்டும் டிரிமரால் தையலைப் பிரித்து முனையை எடுத்தாள். கலைவாணி கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மறு பாதியை அவிழ்த்தாள். வெள்ளைத் தாளில் இரண்டையும் பொருத்தி டேப் ஒட்டினேன். ஒரு மயிரிழை இடைவெளி இல்லாமல் முழு ஊசி.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், குரவை போட்டார்கள். லொறி ட்ரைவர் என்ன கலியாண வீடோ என்று உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். விசயம் கேட்டு அவரும் ஷேர்ட் கையை மடித்துக்கொண்டு டேப் ஒட்ட நின்றார். மாலை மஃரிபுக்கு முன்னால் லொறி கேட்டைத் தாண்டியது. ஹாஜியார் எடுப்பித்த புரியாணியை பெக்கிங் பகுதியின் தரையிலேயே வட்டம் வட்டமாக இருந்து தின்றோம். கலைவாணியின் தட்டில் எல்லோரும் இறைச்சித் துண்டு போட்டார்கள்.

6. தகரப் பேணி

மறுநாள் ஒரு காலியான பால்மாத் தகரப் பேணியை பாத்ரூமில் வைத்தேன். வெளியே யாரும் நிற்கவில்லை, கமரா இல்லை. "ஒளிச்சு வெச்சிரிக்கிற ஊசியெல்லாத்தையும் அதுக்குள்ள போடுங்க. ஆரும் கேக்கமாட்டம். இனி ஊசி ஒடிஞ்சா என்னட்ட வாங்க, நானே ஒங்களோட தேடுறன்," என்று மட்டும் சொன்னேன்.

பின்னேரம் பேணியை எடுத்து ஹாஜியாரின் மேசையில் கொட்டினேன். நவ்சாத் சேரும் இருந்தார். மேசையில் ஊசிகள் குவிந்து மின்னின. புதியது, பழையது, முனை போனது, பாதி ஒடிந்தது. ஒவ்வொரு ஒடிந்த ஊசிக்கும் ஒரு மறு பாதி எங்கேயோ இருக்கவேண்டும். அது எங்கே என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. சேர் ஒடிந்த ஊசி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவும் எண்ட மைக்கால வந்ததா?" என்றார் சேர்.

"ஓம் சேர்."

அவர் கோபப்படவில்லை. "ஹாஜியார், என்ன பிளானிங்குக்கு மாத்துங்க. தளம் எனக்கு சரிவராது. நஸீமாட்டக் குடுங்க," என்றார். அவரே தன் வாயால் கேட்டதால் அந்த மனிதர் மீது எனக்கு மரியாதை கூடியது. இன்று வரை எங்கள் பிளானிங் அவர் கையில்தான். அவர் திட்டம் போட்ட ஓடர் ஒன்றும் சுணங்கியதில்லை. பையரும் போகவில்லை, அடுத்த ஓடர் முந்தியதை விடப் பெரிதாக வந்தது. சுல்பிகாவுக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பேறுகால ஓய்வு முடிந்து வந்து இப்போது அவளும் ஒரு சூப்பர்வைசர்.

ஆட்களை வைத்து வேலை வாங்கப் போகிற உங்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். தொழிலாளியின் கை வேகத்தை அளப்பதற்கு முன் ஒன்றை அளந்து பாருங்கள்: பிழை நடந்தால் அது உங்களிடம் வந்துசேர எவ்வளவு நேரம் எடுக்கிறது? உடனே வந்தால் நீங்கள் நல்ல பொஸ். நாள் கணக்கில் சுணங்கினால், உங்கள் தளத்தில் எங்கேயோ ஊசிகள் ஒளிந்திருக்கின்றன. பயந்தவர்கள் வேகமாகத் தைப்பார்கள். பிழையையும் அதே வேகத்தில் மறைப்பார்கள்.

போன கிழமை ஒரு விசயம் நடந்தது. வேலைக்குச் சேர்ந்து சில நாளே ஆன ஒரு பிள்ளை, புதிதாகச் சூப்பர்வைசர் ஆன தம்பி ஒருவரிடம் போய் நின்றாள். ஒரு பண்டில் முழுவதையும் புரட்டித் தைத்துவிட்டாளாம். நான் தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியின் முகம் சிவந்தது. வாய் திறந்தது. திறந்த வாயை மூடினார். ஒரு மூச்சு விட்டார்.

"சொன்னது நல்லம் தங்கச்சி. கொண்டு வாங்க, ரெண்டு பேருமாப் பாப்பம்."

எனக்கு அந்த இடத்திலேயே துள்ள வேண்டும் போலிருந்தது. வயதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.